கார்டுதான் இருக்கே, காசெல்லாம் எங்க போச்சு? – வாசகர் கேள்வி, அக்கா பதில்

போன மாசம் ஒரு வாசகி தன் அப்பாவோட கீமோ செலவுக்கு வீட்டுப் பத்திரத்த அடமானம் வச்சத எழுதியிருந்தாங்க, அத அப்படியே போட்டிருந்தோம். அதுக்கப்புறம் வந்த கடிதங்கள்ல முக்காவாசி நோய், காசு, கடன் பத்தித்தான். அதனால இந்த தடவை மத்த கேள்வி எல்லாத்தையும் ஓரமா வச்சிட்டு இத மட்டும் எடுத்துக்குறேன்.

அக்கா, என் வீட்டுக்காரருக்கு வாய்ப்புற்று. முதல்வர் காப்பீட்டு கார்டு இருக்கு, ஆபரேஷன் அதுலதான் நடந்துச்சு, அதுக்கு ஒத்த பைசா கட்டல. ஆனா ஆபரேஷன் தேதி குடுக்குறதுக்கு முன்னாடியே ஒன்றரை லட்சம் கரைஞ்சு போச்சு. மாமியார் வீட்ல "கார்டுதான் இருக்கே, காசெல்லாம் எங்க போச்சு"ன்னு கேக்குறாங்க, என் தங்கச்சிக்கு குடுத்துட்டேன்னு கூட பேசிட்டாங்க. நான் எங்க தப்பு பண்ணேன்? – வாசகி, அருப்புக்கோட்டை

நீங்க எங்கயும் தப்பு பண்ணல தங்கச்சி. இத உங்க மாமியாருக்கும் சேத்தே எழுதுறேன், முடிஞ்சா சத்தமா படிச்சுக் காட்டுங்க.

நம்ம நாட்டுல 7 ஆஸ்பத்திரியில 12,148 புற்றுநோயாளிங்ககிட்ட யார் கைக்காசு எவ்வளவு போச்சுன்னு கேட்டு ஒரு பெரிய ஆய்வு பண்ணாங்க, 2023ல வெளியாச்சு. அதுல வந்த கணக்கப் பாத்து நானே கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். படுக்கையில சேத்து வைத்தியம் பாத்ததால தாங்க முடியாத செலவுக்குள்ள விழுந்த குடும்பம் நூத்துக்கு ஏறக்குறைய 30. ஆனா ஓ.பி.யில வந்து வந்து போனதால விழுந்த குடும்பம் நூத்துக்கு 80. அதாவது ஆபரேஷன விட, ஆபரேஷனுக்கு முன்னாடியும் பின்னாடியும் அலையுறோம் பாருங்க, அந்த அலைச்சல்தான் குடும்பத்த சாய்க்குது. ஒரு தடவை ஓ.பி.க்கு வந்துட்டுப் போனா சராசரியா 8,053 ரூபா, ஒரு நோயாளிக்கு வருஷத்துக்கு சராசரியா 3,31,177 ரூபா. ஓ.பி. செலவுல பெரிய பங்கு எதுக்குன்னா டெஸ்ட்டுக்கு, மூணுல ஒரு பங்குக்கும் மேல.

இப்ப உங்க ஒன்றரை லட்சத்தப் பிரிச்சுப் பாருங்க. மொதல்ல பல் டாக்டர், அவர் குடுத்த மாத்திரையில புண்ணு ஆறல, அப்புறம் ஊர்லயே ஒரு ஸ்கேன், அப்புறம் மதுரையில பயாப்சி, ரிப்போர்ட் சரியில்லன்னு திரும்ப ஒரு பயாப்சி, சி.டி., எம்.ஆர்.ஐ., ஒவ்வொரு தடவையும் ரெண்டு பேருக்கு பஸ், சாப்பாடு, சில நாள் லாட்ஜ், இதுக்கு நடுவுல அவர் வேலைக்குப் போகாத நாளெல்லாம் கூலி இல்ல. உங்க கடிதத்துல இதெல்லாம் இல்லதான், ஆனா இந்த நோய் வந்த வீட்ல எல்லாம் நான் கேட்டது கிட்டத்தட்ட இதே வரிசைதான். இதுல பெரும்பாலானது தானா கார்டுல வராது, ஏன்னா கார்டு முக்கியமா அட்மிஷனுக்குத்தான். பிரதமரோட 'ஆயுஷ்மான் பாரத்' காப்பீட்டுத் திட்டத்தோட விதிப்படி அட்மிஷனுக்கு முந்துன 3 நாள், டிஸ்சார்ஜுக்கு பிந்துன 15 நாள் செலவு தான் உள்ள வரும். 2018ல இருந்து நம்ம முதல்வர் திட்டமும் அதுவும் ஒண்ணா சேந்துதான் ஓடுது, குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம்னு. வாய்ப்புற்றுன்னு பேரு வைக்கிறதுக்கே ரெண்டு மூணு மாசம் ஆகுற நாட்டுல 3 நாள் எந்த மூலைக்கு?

கார்டு வேஸ்ட்டுன்னு சொல்ல வரல, தயவுசெஞ்சு யாரும் அப்படி எடுத்துக்காதீங்க. அதே ஆய்வுல திட்டத்துல சேந்தவங்க பெருஞ்செலவுல விழுறது கணிசமா குறைஞ்சிருக்கு. உங்களுக்கே ஆபரேஷன் இலவசமா நடந்திருக்கே, அது இல்லாட்டி இன்னைக்கு கதை வேற. குடும்ப வருமானம் வருஷம் 1,20,000க்கு உள்ள இருக்குறவங்க வி.ஏ.ஓ.கிட்ட வருமானச் சான்று வாங்கிட்டு, ரேஷன் கார்டு, ஆதாரோட கலெக்டர் ஆபீஸ்ல இருக்குற காப்பீட்டு மையத்துல போய் எடுத்து வச்சிருங்க, நோய் வர்றதுக்கு முன்னாடியே.

உங்களுக்கு இப்ப ரேடியேஷன், செக்கப்புன்னு இன்னும் இருக்கும். இனிமே ஒவ்வொரு டெஸ்ட் எழுதும்போதும் டாக்டர்கிட்டயே நேரா கேளுங்க, "சார் இது கார்டுல வருமா, அட்மிஷன்ல இருக்கும்போதே எடுத்துடலாமா, இங்க ஜி.எச்.லயே இருக்கா"ன்னு. சில டெஸ்ட் தனியாவே காப்பீட்டுல வருது, கேக்காதவங்களுக்கு யாரும் கூப்ட்டு சொல்றதில்ல. ஆஸ்பத்திரியில காப்பீட்டு டெஸ்க் இருக்கும், சமூகப் பணியாளர்னு ஒருத்தர் இருப்பாங்க, அவங்க பேரக் கேட்டு எழுதி வச்சுக்குங்க. அப்புறம் ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கி பஸ் டிக்கெட் வரைக்கும் எழுதுங்க. எங்கம்மாவுக்கு மார்புல கட்டின்னு அலைஞ்சப்ப நான் எழுதுனேன், ஆறு மாசம் கழிச்சு கூட்டிப் பாத்தா மருந்துக்கு ஆனதுக்கு கிட்டக்க சாப்பாட்டுக்கும் வண்டிக்கும் ஆயிருந்துச்சு. அந்த நோட்டக் காட்டுனப்புறம் எங்க அண்ணன்மாரு செலவப் பத்தி வாயத் தொறக்கல. மாமியார்கிட்ட சண்டை போடாதீங்க, நோட்டக் குடுங்க.

நான் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி) படிக்கிறேன். எங்க மேடம் "நிதி நச்சுத்தன்மை"ன்னு ஒரு டாபிக் குடுத்திருக்காங்க. காசு கஷ்டத்துக்குப் போய் நச்சுன்னு பேரு வைப்பாங்களா? இது உண்மையிலேயே ஆராய்ச்சியா, இல்ல சும்மா பேருக்கா? – மாணவி, திருச்சி

உண்மையான ஆராய்ச்சிதான் பாப்பா, பேரும் யோசிச்சு வச்சதுதான். கீமோ குடுத்தா வாந்தி வரும், முடி கொட்டும், வெள்ளணு குறையும். இதையெல்லாம் டாக்டருங்க மருந்தோட நச்சுத்தன்மைன்னு சொல்லி, ஒவ்வொண்ணுக்கும் கிரேடு போட்டு, ஒவ்வொரு விசிட்லயும் கேப்பாங்க. அமெரிக்காவுல டியூக் பல்கலைக்கழகத்துல யூசுப் ஜாபர், ஏமி ஆபெர்னெத்தின்னு ரெண்டு டாக்டருங்க 2013ல எழுதுனாங்க, வைத்தியத்தால வர்ற கடனும் பயமும் கூட அந்த மாதிரி ஒரு பக்க விளைவுதான், அதனால அதையும் கேளுங்கன்னு. சும்மா சொல்லிட்டுப் போகல, 254 நோயாளிங்ககிட்ட கேட்டாங்க. நூத்துக்கு 46 பேர் சாப்பாட்டுக்கும் துணிக்கும் செலவக் குறைச்சிருக்காங்க, 46 பேர் சேமிப்ப எடுத்திருக்காங்க, 20 பேர் டாக்டர் எழுதுனத விட கம்மியா மாத்திரை போட்டிருக்காங்க, 24 பேர் சீட்டு வாங்கிட்டு மருந்தே வாங்காம விட்டிருக்காங்க. இதுல கிட்டத்தட்ட எல்லாருக்குமே இன்சூரன்ஸ் இருந்துச்சுங்கறதுதான் கவனிக்க வேண்டியது.

அடுத்தது வாஷிங்டன் மாநிலத்துல ஸ்காட் ராம்சேன்னு ஒருத்தர் குழுவோட பண்ணுனது. புற்றுநோய் பதிவேட்டையும் கோர்ட்டுல இருக்குற திவால் பதிவேட்டையும் பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பாத்தாங்க. புற்றுநோய் வந்தவங்க திவாலாகுறது மத்தவங்கள விட 2.65 மடங்கு. அது 2013ல வந்துச்சு. 2016ல வந்ததுதான் ரொம்ப கனமானது, புற்றுநோயாளிங்கள்லயே திவாலானவங்க செத்துப்போற ஆபத்து, திவாலாகாதவங்கள விட 79 சதவீதம் கூட. கடன் மனசத்தான் அரிக்கும்னு நெனச்சோம், உயிரையும் தொடுது. இதுக்கு அளவுகோலும் இருக்கு, சிகாகோவுல ஜோனாஸ் டி சோசான்னு ஒரு டாக்டர் 11 கேள்வியில ஒண்ணு தயார் பண்ணாரு, 'காஸ்ட்'னு பேரு, நோயாளி அஞ்சு நிமிஷத்துல போட்டுடலாம்.

புராஜெக்ட் பண்றப்ப ஒண்ணு மட்டும் மனசுல வை. அந்தக் கேள்விங்க மாச சம்பளக்காரங்கள மனசுல வச்சு எழுதுனது. நம்மூர்ல நூறுநாள் வேலைக்குப் போற அம்மாகிட்ட போய் "உங்க மாதாந்திர நிதி நிலைமைமேல உங்களுக்குத் திருப்தியா"ன்னு கேட்டா அவங்க உன்னப் பாவமாப் பாப்பாங்க. காதுல தோடு இருக்கா, எந்த மாசம் வரைக்கும் இருந்துச்சு, மகளிர் குழுவுல எத்தனை தவணை நிக்குது, பசங்க டியூஷன் போறாங்களா, இப்படி கேட்டுப் பாரு. நீ எழுதி முடிச்சதும் எனக்கும் ஒண்ணு அனுப்பு, நிச்சயம் படிப்பேன்.

எங்க அப்பாவுக்கு சி.எம்.எல். ரத்தப் புற்றுநோய், 4 வருஷமா இமாடினிப் 400 போடுறார். நல்லாத்தான் இருந்தார், இப்ப திடீர்னு ரிப்போர்ட்ல எண்ணிக்கை ஏறியிருக்கு. அலமாரியில பாத்தா போன வருஷத்து பட்டையெல்லாம் மிச்சம் இருக்கு. கேட்டா "ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டாலும் நல்லாத்தான இருக்கேன், உனக்கு செலவு மிச்சம்"ங்கறார். எனக்கு அழுகை வந்துருச்சு. – வாசகர், திருப்பூர்

தம்பி, அப்பாவத் திட்டாதீங்க, மொதல்ல அது. மேல சொன்ன நூத்துக்கு 20 பேர்ல உங்க அப்பாவும் ஒருத்தர், பாசத்துல பண்ணிட்டார்.

ஆனா இந்த மாத்திரையில அந்த சிக்கனம் ஆகாது. லண்டன்ல இதே மாத்திரை போட்ட 87 பேர வச்சு 2010ல ஒரு ஆய்வு வந்துச்சு, மாத்திரை டப்பா மூடியிலயே சிப் வச்சு எத்தனை தடவை தொறக்குறாங்கன்னு எண்ணுனாங்க. 90 சதவீதத்துக்கு மேல ஒழுங்கா போட்டவங்கள்ல 6 வருஷத்துல நோய் ஆழமா அடங்குற வாய்ப்பு 94.5 சதவீதம், அதுக்குக் கீழ போட்டவங்களுக்கு 28.4. மாசத்துக்கு மூணு நாளுக்கு மேல விட்டாலே கணக்கு தலைகீழாயிடுது, உங்க அப்பா பதினஞ்சு நாள் விட்டிருக்கார். உடனே டாக்டர்கிட்ட போங்க, போய் உண்மைய அப்படியே சொல்லுங்க. மறைச்சீங்கன்னா மருந்து வேலை செய்யலன்னு நெனச்சு இத விட பல மடங்கு விலையுள்ள அடுத்த மருந்துக்கு மாத்திருவாங்க.

விலை பத்தி அப்பாவுக்கு ஒரு கதை சொல்லுங்க, அவருக்குப் பிடிக்கும். இந்த மாத்திரைக்கு காப்புரிமை கேட்டு நோவார்ட்டிஸ் கம்பெனி நம்ம சென்னை காப்புரிமை ஆபீஸ்லதான் விண்ணப்பம் போட்டுச்சு. மும்பையில இருக்குற புற்றுநோயாளிகள் உதவிச் சங்கம் எதிர்த்து மனு குடுத்துச்சு, 2006ல சென்னை ஆபீஸ் காப்புரிமை தர முடியாதுன்னு சொல்லிருச்சு. இந்தியச் சட்டத்துல 3(டி)ன்னு ஒரு பிரிவு, பழைய மருந்தையே லேசா மாத்திட்டு புதுசுன்னு சொல்லி உரிமை கேக்கக் கூடாதுன்னு சொல்றது, அதையே எதிர்த்து கம்பெனி சென்னை ஐகோர்ட் போச்சு, 2007ல தோத்துச்சு, கடைசியா 2013 ஏப்ரல் 1ம் தேதி சுப்ரீம் கோர்ட்லயும் தோத்துச்சு. அப்ப அந்த கம்பெனி மாத்திரை மாசத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல, நம்ம நாட்டு கம்பெனிங்க செஞ்சது பத்தாயிரம் சுத்திதான். இன்னைக்கு உங்க அப்பா கையில இருக்குற பட்டை அப்படி வந்ததுதான்.

இப்பவும் ஒரே மருந்து பிராண்டுக்கு பிராண்டு விலை ரொம்ப வித்தியாசப்படும். டாக்டர்கிட்ட மருந்தோட மூலப் பேரையே எழுதச் சொல்லிக் கேளுங்க, மக்கள் மருந்தகம்னு போர்டு போட்ட மத்திய அரசு கடை, 2025 பிப்ரவரியில மாநிலம் முழுக்க தொறந்த முதல்வர் மருந்தகம், ரெண்டுலயும் விசாரிங்க, ஜி.எச்.ல ரத்தப் புற்றுநோய்ப் பிரிவு இருந்தா அங்கயே மாத்திரை கிடைக்குமான்னும் பாருங்க. 2019ல 42 புற்றுநோய் மருந்துக்கு கடைக்காரங்க லாபம் 30 சதவீதத்துக்கு மேல போகக் கூடாதுன்னு அரசு உத்தரவு போட்டுச்சு, அதுல சில பிராண்டு விலை பத்துல ஒரு பங்கா இறங்குச்சு. அதனால பழைய விலையையே மனசுல வச்சுக்கிட்டு பயப்படாதீங்க, ஒரு தடவை புதுசா கேட்டுப் பாருங்க. மாத்திரைய நீங்களே எடுத்துக் குடுங்க, தண்ணியோட நின்னு.

கணவருக்கு கேன்சர், மாசம் ரெண்டு தடவை நாகர்கோவில்ல இருந்து சென்னைக்கு ரயில்ல வர்றோம். டிக்கெட்டுக்கு ஏதாவது சலுகை உண்டா? – வாசகி

உண்டும்மா. சிகிச்சைக்குப் போற கேன்சர் நோயாளிக்கு ஸ்லீப்பர்லயும் மூணடுக்கு ஏசியிலயும் டிக்கெட் இலவசம், கூட வர்ற ஒருத்தருக்கு 75 சதவீதம் குறைவு. ஆஸ்பத்திரியில அதுக்குன்னு இருக்குற படிவத்துல டாக்டர் கையெழுத்து, சீல் வாங்கி ரிசர்வேஷன் கவுன்ட்டர்ல குடுங்க. இத்தன மாசமா யாரும் சொல்லலையேன்னு எனக்கே ஆத்தாமையா இருக்கு.

வணக்கம் அக்கா, நான் ஈப்போவுல இருந்து எழுதுறேன். இங்க அரசாங்க ஆஸ்பத்திரி கட்டணம் ரொம்பக் குறைவுதான், இருந்தும் என் அக்காவுக்கு நோய் வந்த ஒரே வருஷத்துல குடும்பம் ஒடிஞ்சு போச்சு. இது எங்களுக்கு மட்டுமா? – வாசகர், மலேசியா

உங்களுக்கு மட்டும் இல்ல தம்பி. மலேசியாவையும் சேத்து தென்கிழக்கு ஆசியாவுல 8 நாட்டுல புதுசா புற்றுநோய் கண்டுபிடிச்ச 9,513 பேர ஒரு வருஷம் பின்தொடர்ந்து பாத்தாங்க, 'ஆக்‌ஷன்'னு அந்த ஆய்வுக்குப் பேரு, 2015ல வந்துச்சு. வருஷ வருமானத்துல 30 சதவீதத்துக்கு மேல கைக்காசு போனா அத நிதிப் பேரிடர்னு வச்சுக்கிட்டாங்க. ஒரு வருஷ முடிவுல 29 சதவீதம் பேர் இறந்துட்டாங்க, 48 சதவீதம் பேர் நிதிப் பேரிடர்ல, உயிரோடயும் இருந்து பேரிடர்லயும் விழாம இருந்தது வெறும் 23 சதவீதம். நாலுல ஒருத்தர் கூட இல்ல.

உங்க அக்கா வேலைக்குப் போயிட்டிருந்தவங்களா இருந்தா பெர்கேசோவுல (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) உடல் முடியாமை பென்ஷன் கேக்கலாமான்னு பாருங்க, கே.டபிள்யூ.எஸ்.பி.யில (அங்கத்து பி.எஃப்.) கடுமையான நோய்க்கு சேமிப்புப் பணம் எடுக்குற வழியும் இருக்கு. அந்தப் பணத்த எடுத்தா வயசான காலத்துக்கு என்ன பண்றதுன்னு தயங்குவாங்க, வட்டிக்கு வாங்குறதுக்கு அது எவ்வளவோ மேல்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியர். என் பிளஸ் 1 வகுப்புல நல்லா படிக்கிற பையன் ஒருத்தன் ரெண்டு மாசமா வரல. அவங்கம்மாவுக்கு காசநோய், பையன் டூவீலர் ஒர்க்‌ஷாப்ல நிக்கிறான். டி.பி.க்குத்தான் மருந்து இலவசமாச்சே, அப்புறம் ஏன் இப்படி? – வாசகர், விழுப்புரம் மாவட்டம்

சார், நீங்க கேட்ட கேள்விக்குப் பதில் சென்னை சேத்துப்பட்டுல இருக்குற காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துலயே இருக்கு. 1956ல ஆரம்பிச்ச இடம் அது. டி.பி. வந்தா சானடோரியத்துல மாசக்கணக்கா படுக்கணும்னு இருந்த காலத்துல, வீட்ல இருந்தபடியே மாத்திரை சாப்ட்டாலும் அதே அளவு குணமாகும்னு 1959லயே உலகத்துக்குக் காட்டுனாங்க. எத்தன குடும்பத்தோட பிழைப்ப அது காப்பாத்தியிருக்கும்னு நெனச்சுப் பாருங்க.

அதே நிறுவனத்து ஆளுங்க 1999ல வெளியிட்ட இன்னொரு ஆய்வு, 304 டி.பி. நோயாளிங்ககிட்ட செலவு கேட்டது. மொத்தச் செலவு சராசரி 5,986 ரூபா, அந்தக் காலத்து ரூபா. அதுல மருந்து, டாக்டர், போக்குவரத்துக்கு 2,052தான், மிச்சம் 3,934 ரூபா வேலைக்குப் போகாததால போன வருமானம். சராசரியா 83 வேலை நாள் போச்சு. பெண் நோயாளிங்கள்ல நூத்துக்கு 15 பேர குடும்பமே ஒதுக்கி வச்சிருக்கு. அப்புறம் உங்க பையன், சார்: அந்த வீடுகள்ல பள்ளிக்கூடம் போன பிள்ளைங்கள்ல நூத்துக்கு 11 பேர் படிப்ப விட்டாங்க, இன்னும் 8 பேர் வேலைக்குப் போனாங்க. மாத்திரை இலவசமா இருக்கலாம், அம்மா கொண்டு வந்த கூலிய யாரு குடுப்பா? பையன் குடுக்குறான்.

நீங்க செய்ய முடிஞ்சத சொல்றேன். அந்தம்மா பேர ஆரம்ப சுகாதார நிலையத்துல நிக்‌ஷய்ங்கற அரசோட டி.பி. நோயாளிகள் பதிவுல ஏத்தியிருக்காங்களா, பேங்க் அக்கவுன்ட் இணைச்சிருக்கான்னு பாருங்க. டி.பி. நோயாளிக்கு சத்துணவுக்காக 2018ல இருந்து மாசம் 500 ரூபா வந்துச்சு, 2024 நவம்பர்ல இருந்து அது 1,000 ஆச்சு, அக்கவுன்ட் குளறுபடியால பலபேருக்கு நின்னு போயிருக்கு. பையன்கிட்ட ஒர்க்‌ஷாப்ப உடனே விடச் சொல்லாதீங்க, அவன் வீட்டு அடுப்பு அதுல எரியுது. சனி ஞாயிறும் சாயங்காலமும் மட்டும் வர்றானான்னு ஓனர்கிட்ட நீங்களே ஒரு வார்த்தை பேசுங்க, வாத்தியார் வந்து கேட்டா நம்மூர்ல மாட்டேன்னு சொல்றது கஷ்டம். பேர மட்டும் பதிவேட்டுல இருந்து எடுத்துடாதீங்க. பிளஸ் 2 முடிச்சு காலேஜ் சேந்தா தமிழ்ப் புதல்வன் திட்டத்துல மாசம் 1,000 ரூபா வரும்னு சொல்லுங்க, அது அவனுக்கு ஒரு பிடிப்பா இருக்கும். சிகிச்சை சாதாரணமா 6 மாசம்தான், அந்த ஆறு மாசத்த அவன் தாண்டணும், அவ்வளவுதான் நமக்கு வேலை.

எனக்கு 58 வயசு. கருப்பையில கேன்சர் வந்து, ஆபரேஷன் ஆகி, இப்ப திரும்ப வந்திருக்கு. புதுசா ஒரு மருந்து சொல்றாங்க, ஒரு தடவைக்கே லட்சக்கணக்குல. பையன் வீட்ட விக்கிறேன்னு நிக்கிறான், அவனுக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. எனக்கு வேணாம்னு தோணுது. இப்படி நெனைக்கிறது பாவமா? – ஒரு அம்மா, கும்பகோணம்

பாவம் இல்லம்மா. உங்க கடிதத்த நாலு தடவை படிச்சேன். பேத்திங்க தலைக்கு மேல கூரை இருக்கணும்னு நெனைக்கிறது எப்படிம்மா பாவமாகும்?

ஆனா முடிவு எடுக்குறதுக்கு முன்னாடி உங்களுக்குத் தெரிய வேண்டியது இன்னும் தெரியலன்னு தோணுது. டாக்டர்கிட்ட இதையெல்லாம் கேளுங்க: இந்த மருந்து நோய முழுசா போக்குமா, இல்ல தள்ளிப் போடுமா, தள்ளிப் போட்டா எவ்வளவு நாள், அந்த நாள்ல நான் எழுந்து நடமாடுவேனா, விலை கம்மியான பழைய மருந்து எதுவும் இருக்கா, அதுக்கும் இதுக்கும் உண்மையில எவ்வளவு வித்தியாசம். சில சமயம் பழைய கீமோவே கிட்டத்தட்ட அதே பலன் தரும், கார்டுலயும் வரும். சில சமயம் புது மருந்துதான் பெருசா கை குடுக்கும், அப்ப வேற மாதிரி யோசிக்கணும். சென்னை அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட், காஞ்சிபுரம் அண்ணா கேன்சர் ஆஸ்பத்திரி மாதிரி இடத்துல ரிப்போர்ட்டெல்லாம் காட்டி ரெண்டாவது கருத்து கேளுங்க, வீட்ட விக்கிறதுக்கு முன்னாடி அந்த ஒரு பயணம் போயே ஆகணும்.

மருந்து வேணாம்னு முடிவானாலும் வைத்தியம் முடிஞ்சுதுன்னு அர்த்தம் இல்லம்மா. வலிக்கு, தூக்கத்துக்கு, சாப்பிட முடியாததுக்கெல்லாம் நல்ல வைத்தியம் இருக்கு, வலிநிவாரண சிகிச்சைன்னு தனிப் பிரிவே இருக்கு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்தும் பாக்குறாங்க, உங்க பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரு குடுங்க. ராத்திரியில மனசு ரொம்ப இருட்டா போனா தனியா படுத்துக் கெடக்காதீங்க, மருமகள எழுப்புங்க, டாக்டர்கிட்டயும் அதச் சொல்லுங்க.

இன்னொண்ணு. இதுவரைக்கும் நீங்க மட்டும் உள்ள போய்ட்டு வந்து, பையன்கிட்ட பாதிய சொல்லாம விட்டிருப்பீங்க, அவனும் வெளியில நின்னு வீட்டு புரோக்கர்கிட்ட போன் பேசிட்டு இருந்திருப்பான். அடுத்த தடவை போறப்ப அவனையும் உள்ள கூட்டிட்டுப் போய் பக்கத்துல உக்கார வச்சு, மேல எழுதுனத ஒண்ணு ஒண்ணா நீங்களே கேளுங்க. டாக்டர் என்ன சொன்னாருன்னு எனக்கு எழுதுங்கம்மா, காத்துட்டு இருப்பேன்.